வாங்க வேண்டியதை எழுதிவிட்டுப் பின்தொடருங்கள்: சமூக ஊடகக் கூப்பன்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆடி பிறந்ததும் எங்கள் வீட்டு மளிகை அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டுவோம். தீபாவளி முடிந்த பிறகுதான் அதைக் கிழிப்போம். இடைப்பட்ட மாதங்களில் வீட்டுக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்பது அதில் இருக்கும்: மாமியாருக்கு நூல் சேலை இரண்டு, மகனுக்குப் பள்ளி ஷூ, மிக்சிக்குச் சட்னி ஜார், எனக்கு இரண்டு புத்தகங்கள். சமூக ஊடகங்களில் எந்த நிறுவனத்தைப் பின்தொடர்வது என்பதை அந்தத் தாள்தான் முடிவு செய்கிறது.

முன்பு இப்படி இல்லை. கண்ணில் பட்ட பக்கத்தையெல்லாம் பின்தொடர்ந்தேன்; நூறைத் தாண்டியிருக்கும். கூப்பன்கள் வந்துகொண்டே இருந்தன, வேண்டாத பொருள்களும் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தன. ஓர் ஆண்டு முடிவில் கணக்கு நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். தள்ளுபடியில் வாங்கியவற்றில் பாதிக்கு மேல், தள்ளுபடி என்ற சொல் இல்லாவிட்டால் நாங்கள் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். கூப்பன் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஒழுங்காகப் பயன்படுத்தினால் பண்டிகைச் செலவில் கணிசமான தொகை மிஞ்சும்.

நிறுவனம் ஏன் கொடுக்கிறது

இது புரிந்துவிட்டால் மற்றவை எளிது. ஒரு புதிய வாடிக்கையாளரைப் பிடிக்க நிறுவனம் விளம்பரத்துக்குப் பணம் செலவழிக்கிறது. அந்தச் செலவில் ஒரு பங்கை வாடிக்கையாளரின் கையிலேயே கொடுத்துவிடுவதுதான் கூப்பன். இன்ஸ்டாகிராமில் ஒரு குறியீடு, யூடியூபில் வேறொன்று, வாட்ஸ்அப்பில் இன்னொன்று என்று தனித்தனியாகத் தருவதற்கும் காரணம் உண்டு. எந்த வாசல் வழியாக எத்தனை பேர் வந்தார்கள் என்று அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதிலிருந்து நமக்கு இரண்டு பயன்கள். ஒரே நிறுவனத்துக்கு ஒரே நாளில் வெவ்வேறு மதிப்புள்ள கூப்பன்கள் உலவக்கூடும்; பணம் கட்டும் முன் அந்த நிறுவனத்தின் எல்லாக் கணக்குகளையும் ஒரு முறை எட்டிப் பாருங்கள். இரண்டாவது, பெரும்பாலும் நல்ல கூப்பன் கிடைப்பது முதல் முறை வாங்குபவருக்குத்தான். ‘முதல் ஆர்டருக்கு 20 சதவீதம்’ என்ற கூப்பனை 300 ரூபாய்ப் பொருளுக்குச் செலவழித்துவிட்டு, அடுத்த மாதம் 3,000 ரூபாய்ப் பொருளை முழு விலைக்கு வாங்கியவள் நான். அந்த நிறுவனத்தில் பெரிய பொருள் எது வாங்கப் போகிறீர்களோ, அதற்காக முதல் ஆர்டரைக் காத்து வையுங்கள்.

முதல் படி: தாளை எழுதுங்கள்

போனில் எழுதாமல் தாளில் எழுதுவது நல்லது. வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்; கூட்டிச் சேர்ப்பதும் அடிப்பதும் எல்லோருக்கும் தெரிந்து நடக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே மூன்று விவரங்கள் வேண்டும்: இன்றைய விலை, நாம் கொடுக்கத் தயாராக இருக்கும் விலை, எந்தத் தேதிக்குள் தேவை. இன்றைய விலையைத் தேதியோடு எழுதுவதை விட்டுவிடாதீர்கள். அதன் அருமை பிறகு தெரியும்.

ஒரு பொருளுக்கு இரண்டு, மூன்று நிறுவனங்கள் போதும். எங்கள் தாளில் பத்துப் பொருள்கள் இருந்தாலும் பின்தொடரும் பக்கங்கள் இருபதைத் தாண்டுவதில்லை.

இரண்டாம் படி: அசல் பக்கத்தைப் பிடியுங்கள்

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நானும் ஏமாந்தேன், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெயர்பெற்ற துணிக்கடையின் பெயரில் ஓர் இன்ஸ்டாகிராம் பக்கம் என் கண்ணில் பட்டது. கடையின் சின்னம் அப்படியே இருந்தது, படங்களும் அதே கடையில் எடுத்தவை போலவே இருந்தன. ‘பின்தொடர்பவர்களுக்கு மட்டும்’ என்று பாதி விலையில் சேலை. யுபிஐ வழியாக 1,450 ரூபாய் அனுப்பினேன். மறுநாள் அந்தப் பக்கம் என்னைத் தடுத்துவிட்டது. கடைக்கும் அந்தப் பக்கத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று கடையில் விசாரித்த பிறகுதான் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் அடையாளங்கள் எல்லாமே இருந்தன. கருத்துப் பகுதியை மூடி வைத்திருந்தார்கள். பணம் அனுப்பும்போது திரையில் தெரிந்தது கடையின் பெயர் அல்ல, ஒரு தனிமனிதரின் பெயர். அந்த இரண்டையும் பார்த்தும் பார்க்காமல் போனேன்.

இப்போது நான் பக்கங்களைத் தேடல் பெட்டியில் தேடுவதே இல்லை. பொருளின் அட்டைப்பெட்டி அல்லது கடை ரசீதில் நிறுவனத்தின் இணையதள முகவரி அச்சாகியிருக்கும். அங்கே போய், அடிப்பகுதியில் இருக்கும் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் சின்னங்களைத் தொட்டால் அவர்களுடைய சொந்தக் கணக்குக்கே போய்ச் சேரலாம். கடைக்கு நேரில் போகிறவர்கள் கல்லா அருகே ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யலாம். அதையும் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

நீல டிக்கை மட்டும் நம்பிவிடாதீர்கள். எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்தில் 2022 முதலும், மெட்டாவின் தளங்களான ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் 2023 முதலும் மாதக் கட்டணம் செலுத்தி அதைப் பெற முடிகிறது. அதைவிடப் பயனுள்ளது இன்ஸ்டாகிராமில் பக்கத்தின் மெனுவுக்குள் இருக்கும் ‘இந்தக் கணக்கைப் பற்றி’ என்ற பகுதி. கணக்கு எந்த மாதம் தொடங்கியது என்பது அதில் தெரியும். பல கணக்குகளுக்கு எந்த நாட்டிலிருந்து இயங்குகிறது, இதற்கு முன் பெயர் மாறியதா என்பதும் தெரியும். முப்பது ஆண்டுக் கடையின் பக்கம் மூன்று மாதங்களுக்கு முன்புதான் தொடங்கியது என்றால் யோசிக்க வேண்டும். ஃபேஸ்புக்கில் இதே வேலையைப் பக்க வெளிப்படைத்தன்மைப் பகுதி செய்கிறது.

மூன்றாம் படி: தனி மின்னஞ்சல்

கூப்பன்களுக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்குக் கொடுத்த முகவரியை எந்தக் கடைக்கும் கொடுக்க வேண்டாம். பிறந்தநாள் சலுகைக்குத் தேதியும் மாதமும் போதும். பிறந்த ஆண்டு, ஆதார், பான் எண் எந்தக் கூப்பனுக்கும் தேவையில்லை.

நான்காம் படி: அறிவிப்பு உங்களைத் தேடி வரட்டும்

பின்தொடர்வதோடு வேலை முடிந்துவிடாது. நீங்கள் பின்தொடரும் பக்கத்தின் எல்லாப் பதிவுகளையும் எந்தத் தளமும் உங்களுக்குக் காட்டுவதில்லை. நான்கு மணி நேரமே செல்லும் கூப்பன் இரண்டு நாள் கழித்துத் திரையில் வந்து நிற்கும். எனவே ஒவ்வொரு தளத்திலும் சிறிது வேலை இருக்கிறது.

இன்ஸ்டாகிராமில், பக்கத்தின் மேல் மூலையில் இருக்கும் மணிச் சின்னத்தைத் தொட்டால் பதிவு, ஸ்டோரி, ரீல்ஸ், நேரலை என எதற்கு அறிவிப்பு வேண்டும் என்று கேட்கும். ஸ்டோரியைக் கட்டாயம் தேர்ந்தெடுங்கள். குறுகிய காலக் கூப்பன்கள் பெரும்பாலும் அங்கேதான் வரும், 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அவசரமில்லாத பக்கங்களை விருப்பப் பட்டியலில் சேர்த்தால் போதும். அவற்றின் பதிவுகள் முன்னால் வரும். ‘கருத்தில் லிங்க் என்று எழுதுங்கள், கூப்பன் அனுப்புகிறோம்’ என்று சிலர் கேட்பார்கள். பதில் அனுப்புவது பெரும்பாலும் ஒரு தானியங்கி நிரல்தான். அசல் பக்கமாக இருந்தால் எழுதுவதில் தவறில்லை. ஆனால் வந்த இணைப்பு நிறுவனத்தின் சொந்த முகவரிக்குத்தான் போகிறதா என்று பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் சேனலும் நேரடிச் செய்தியும் வெவ்வேறு. 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த சேனல் வசதியில், பின்தொடரும் உங்கள் போன் எண் நிறுவனத்துக்கோ மற்றவர்களுக்கோ தெரியாது. எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான்: எண்ணைக் கொடுக்காமலேயே கூப்பன் கிடைக்கிறது. சேனலில் சேர்ந்ததும் மணிச் சின்னத்தைத் தொட்டு அறிவிப்பை இயக்க வேண்டும், இல்லாவிட்டால் செய்தி சத்தமில்லாமல் வந்து கிடக்கும். மாறாக, கடையில் பில் போடும்போது எண் கேட்டு, பிறகு நேரடியாக வரும் விளம்பரச் செய்திகளுக்கு அளவே இருக்காது. பில் போடுவதற்கு எண் கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. ‘எண் வேண்டாம், பில் மட்டும் போதும்’ என்று தயங்காமல் சொல்லலாம்.

யூடியூபில் வீடியோவின் கீழே உள்ள விளக்கப் பகுதியில் கூப்பன் இருக்கும். அந்தக் கூப்பனில் யூடியூபரின் பெயர் இருந்தால், நீங்கள் வாங்கும்போது பெரும்பாலும் அவருக்கும் ஒரு பங்கு போகும். அதில் குற்றமில்லை, ஆனால் அவர் அதைச் சொல்ல வேண்டும். பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு பரிந்துரைப்பவர்கள் அதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. சொல்லாமல் மறைப்பவரின் புகழ்ச்சியை வைத்து நான் எதையும் வாங்குவதில்லை.

டெலிகிராமில் ‘அடிமாட்டு விலை’ என்று நிமிடத்துக்கு ஒன்று வீசும் சேனல்கள் ஏராளம். பெரும்பாலும் அவை நிறுவனங்களுடையவை அல்ல. இணைப்பு வழியே தரகு பெறுபவர்கள் நடத்துபவை. சில சமயம் நல்ல விலை அகப்படும். ஆனால் தாளில் இல்லாத பொருளை வாங்க வைப்பதில் அவற்றை மிஞ்ச ஆளில்லை. நான் எல்லாவற்றிலிருந்தும் விலகிவிட்டேன்.

ஐந்தாம் படி: கூப்பனைப் படியுங்கள்

பெரிய எழுத்து அழைப்பதற்கு, சிறிய எழுத்து நிபந்தனைக்கு. மூன்று கணக்குகளைப் போடத் தெரிந்தால் போதும்.

முதலாவது, உச்சவரம்பு. ‘20 சதவீதம், அதிகபட்சம் 150 ரூபாய்’ என்றால் 750 ரூபாய் வரைதான் உண்மையான 20 சதவீதம். 1,500 ரூபாய்க்கு வாங்கினால் அது 10 சதவீதமாகிவிடுகிறது. வங்கி அட்டைச் சலுகைகளிலும் இதே கதை: 10 சதவீதம், அதிகபட்சம் 1,500 என்றால் 15,000 ரூபாய் பொருளுக்குத்தான் முழுப் பலன், 30,000 ரூபாய் குளிர்சாதனப் பெட்டிக்கு 5 சதவீதமே.

இரண்டாவது, குறைந்தபட்ச கொள்முதல். உங்களுக்குத் தேவையானது 640 ரூபாய்க்கு. கூப்பனோ ‘999-க்கு மேல் 200 தள்ளுபடி’. கைக்கு வந்ததை விடுவானேன் என்று இன்னும் 360 ரூபாய்க்கு எதையோ சேர்த்து 1,000 ஆக்குகிறீர்கள். தள்ளுபடி போக 800 கட்டுகிறீர்கள். 200 மிச்சம் என்று மனம் சொல்லும். நோட்டில் 160 ரூபாய் கூடுதல் செலவு என்றுதான் எழுத வேண்டும். சேர்த்த பொருள் தாளில் ஏற்கெனவே இருந்தால் மட்டும் இது லாபம். பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே கடையில் ஏதாவது வேண்டுமா என்று கேட்டு ஒரே ஆர்டராகப் போடுவதும் எங்கள் தெருவில் வழக்கம்.

மூன்றாவது, இறுதித் தொகை. டெலிவரி, கையாளும் கட்டணம், தளக் கட்டணம் எல்லாம் சேர்ந்த பிறகு வரும் எண்ணைத்தான் தாளில் உள்ள விலையோடு ஒப்பிட வேண்டும். கூடையில் நீங்கள் வைக்காத காப்பீடோ நன்கொடையோ தானாக ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். இப்படிச் சேர்ப்பதும், ‘இன்னும் 2 மட்டுமே உள்ளது’ என்று பொய்யாக அவசரப்படுத்துவதும், கட்டணங்களைக் கடைசித் திரை வரை மறைப்பதும் 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த 13 தந்திரங்களில் அடங்கும். சலுகை முடிய எவ்வளவு நேரம் என்று காட்டும் கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது என்பதற்காகப் பதறாதீர்கள். பக்கத்தை மூடி மீண்டும் திறந்து பாருங்கள். சில கடைகளில் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும்.

திருப்பி அனுப்பும் விதியையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், ஷூவுக்கும் உடைக்கும் முக்கியமாக. தள்ளுபடியில் வாங்கியதை மாற்ற முடியாது என்று சில கடைகள் நிபந்தனை வைக்கின்றன.

ஆறாம் படி: அந்த விலை உண்மையா?

‘60 சதவீதத் தள்ளுபடி’ என்பது பெரும்பாலும் அதிகபட்ச சில்லறை விலையிலிருந்து கணக்கிட்டது. நேற்று அந்தப் பொருள் என்ன விலைக்கு விற்றது என்பதே நமக்கு வேண்டியது. முதல் படியில் தேதியோடு எழுதிய விலை இங்கே கைகொடுக்கும். அமேசானில் வாங்குபவர்கள் கீபா போன்ற விலை வரலாற்றுத் தளங்களில் பல மாதங்களின் ஏற்ற இறக்கத்தை வரைபடமாகவே பார்க்கலாம்.

எப்போது காத்திருப்பது என்பதற்கும் ஒரு நாட்காட்டி உண்டு. அமேசானின் பிரைம் விற்பனை பெரும்பாலும் ஜூலையில். 2014-இல் ஃபிளிப்கார்ட் தொடங்கிய பிக் பில்லியன் டேஸும் அமேசானின் பண்டிகை விற்பனையும் ஆயுத பூஜை, தீபாவளியை ஒட்டி. குடியரசு தினத்தை ஒட்டி இன்னொரு சுற்று. நம்மூர் ஜவுளிக் கடைகளுக்கு ஆடி மாதம். திருமணங்கள் குறைவாக இருக்கும் அந்த மாதத்தில் பழைய சரக்கைத் தள்ளிவிட்டுத் தீபாவளிச் சரக்குக்கு இடம் செய்கிறார்கள். பக்கங்களை விற்பனைக்கு இரண்டு வாரம் முன்பே பின்தொடரத் தொடங்கினால் முன்னறிவிப்புகள் தவறாது. கூடையில் பொருளை வைத்துவிட்டு ஓரிரு நாள் வாங்காமல் இருந்தாலும், உள்நுழைந்திருப்பவருக்குச் சில நிறுவனங்கள் ஒரு சிறு கூப்பன் அனுப்புகின்றன.

பெரிய நிறுவனங்களுக்கு அப்பால்

எனக்கு உண்மையான மிச்சம் கிடைத்தது இங்கேதான். 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ், தீபாவளியை ஒட்டி 30 சதவீதச் சிறப்புத் தள்ளுபடியை ஆண்டுதோறும் அறிவிக்கிறது. குறியீடும் இல்லை, கடிகாரமும் இல்லை. அவர்களுடைய பக்கத்தைப் பின்தொடர்ந்தால் புதிய வடிவங்களைப் பார்த்து வைத்துக்கொண்டு, தள்ளுபடி தொடங்கிய முதல் வாரமே கடைக்குப் போகலாம். மாமியாரின் நூல் சேலைகள் இரண்டும் அப்படி வந்தவைதான்.

புத்தகப் பிரியர்கள் தங்களுக்குப் பிடித்த பதிப்பகங்களின் ஃபேஸ்புக் பக்கங்களைத் தவறாமல் பின்தொடர வேண்டும். முன்வெளியீட்டுத் திட்டத்தில், அதாவது புத்தகம் வெளிவரும் முன்பே பணம் கட்டுவோருக்கு, குறைந்த விலையில் தரும் அறிவிப்பு அங்கேதான் வருகிறது. சென்னைப் புத்தகக் காட்சியின் வழக்கமான 10 சதவீதத்தைவிட அது பல நேரம் கூடுதலாக இருக்கும்.

சேலம் இளம்பிள்ளைச் சேலைக்காரர்களும் திருப்பூர் பின்னலாடைக்காரர்களும் இன்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலேயே வியாபாரம் செய்கிறார்கள். அவர்கள் எண்ணை நீங்களும், உங்கள் எண்ணை அவர்களும் சேமித்து வைத்தால் ஒரே ஒரு துண்டு மிச்சம், சின்னக் குறை உள்ள சரக்கு என்று நல்ல விலையில் கிடைக்கும். ஆனால் தறியிலிருந்து நேராக விற்பவரிடம் ‘கூப்பன் இல்லையா’ என்று நெருக்குவதை நான் நிறுத்திவிட்டேன். பெரிய நிறுவனம் விளம்பரப் பணத்திலிருந்து கொடுக்கிறது. இவர் தன் கூலியிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

தப்பு நடந்தால்

சில விதிகளுக்கு விலக்கே கிடையாது. பரிசோ கேஷ்பேக்கோ பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண்ணைப் பதிவு செய்ய வேண்டியதே இல்லை. எண்ணைக் கேட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகப்போகிறது என்று பொருள். கூப்பனுக்காக வாட்ஸ்அப்பில் வரும் செயலிக் கோப்பை நிறுவாதீர்கள். இருபது பேருக்கு அனுப்பினால் பரிசு என்ற தீபாவளிச் செய்தியை, அனுப்பியவர் சொந்த அண்ணனாக இருந்தாலும், அழித்துவிடுங்கள். போட்டியில் வென்றதாகச் சொல்லி முன்பணம் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பொருள் வரவில்லை என்று பொதுவெளியில் புகார் எழுதும்போது போன் எண்ணையும் ஆர்டர் எண்ணையும் எழுத வேண்டாம். வாடிக்கையாளர் சேவை என்ற பெயரில் போலிக் கணக்குகள் அதைப் பார்த்துத்தான் உங்களைத் தொடர்புகொள்கின்றன. நிறுவனத்தின் அசல் பக்கத்துக்கு நீங்களே தனிச்செய்தி அனுப்புங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணம் மோசடியில் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் முடக்கிவிட்டால் மீட்கும் வாய்ப்பு உண்டு. நான் வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் கழித்து அழைத்தேன், அதற்குள் கணக்கு காலியாகியிருந்தது.

களையெடுப்பு

தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை தாளைக் கிழிக்கும்போது போனையும் கையில் எடுத்துக்கொள்கிறேன். வாங்கி முடித்த பொருளின் பக்கங்களை விட்டு விலகுவேன், மணி அறிவிப்புகளை நிறுத்துவேன், கூப்பன் மின்னஞ்சலில் தேவையில்லாத பட்டியல்களிலிருந்து பெயரை நீக்குவேன், பயன்படுத்தாத செயலிகளில் சேமித்த அட்டை விவரங்களை அழிப்பேன். அரை மணி நேர வேலை. போன ஆண்டு அப்படிக் கழித்த பிறகு மிஞ்சியவை ஆறு: கோ-ஆப்டெக்ஸ், இரண்டு பதிப்பகங்கள், மகனின் ஷூ நிறுவனம், தெருமுனை பேக்கரி, இளம்பிள்ளையில் சேலை விற்கும் அக்காவின் ஸ்டேட்டஸ்.